தாய்க்கப்பல் கூப்பிடுகிறது

“அந்த ஆளு ஏன் ஏரியலை வெட்டல? அதுக்கு மட்டும் பதில்—”

“கதைன்னா மேரி, அதுக்கு ஒரு—”

“—சொல்லுங்க போதும். வெட்டினா மேல வந்துரலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இதோ, உங்க கையெழுத்துதான்—”

“வெட்டினா பேச முடியாது. பேச முடியலன்னா நாடகம் எங்க இருக்கு? வானொலியில—”

“உயிரு இருக்கும்ல?”

“—வானொலியில சத்தம்தான் உயிரு.”

“கத்தாதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?”

“நீதான் கத்த வைக்கிற.”

சாந்தமேரி கையிலிருந்த தாள்களைச் சாப்பாட்டு மேசையில் போட்டாள். சன்னலுக்கு வெளியே மோனோரயில் ஒன்று வளைவில் திரும்பிப் போனது. பிரிக்ஃபீல்ட்ஸின் அந்த அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் ரயில் சத்தம் வரும்போது பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இவர்களும் நிறுத்தினார்கள். ரயில் போனது. இருவரும் தொடரவில்லை.

நாடகத்தை எழுதியவர் கிரிகரி, அவள் கணவர். ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் வயதான பலருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். ஒரு காலத்தில் வானொலி நாடகங்களில் வில்லனாக, இன்ஸ்பெக்டராக, கொடுமைக்கார மாமனாராக, ஒரு தடவை பேசும் யானையாகக்கூட வந்தவர். கோயிலில் வாசகர். பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளைப் பாகம் பிரித்து வாசிக்கும்போது, கதையைச் சொல்லிக்கொண்டு போகும் உரையாளர் பாகம் அவருடையது. இந்த வருடம் வரை அதை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று எந்த ஃபாதருக்கும் தோன்றியதில்லை.

அந்தக் குரல்வளையில்தான் கட்டி. போன வருடம் கதிர்ச் சிகிச்சையில் அடங்கியது, இந்த வருடம் திரும்பி வந்துவிட்டது. இனி குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவதுதான் வழி என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் இருக்காது. கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். எடுக்காவிட்டால் குரல் கொஞ்ச நாள் இருக்கும், ஆளும் கொஞ்ச நாள் இருப்பார். ஆஸ்பத்திரியில் அவருக்கென்று ஓர் இடம் ஒதுக்கிவிட்டு, நாளைக்குள் சரியா இல்லையா என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். கிரிகரி இன்னும் சொல்லவில்லை. நாடகம் முடியட்டும் என்றே தள்ளிக்கொண்டிருந்தார்.

நாடகம் இன்றைக்கு முடிகிறது. கிள்ளானில் ஒலிப்பதிவு.

“மெஷின் இருக்குன்னாரே டாக்டர்,” என்றாள் சாந்தமேரி, தணிந்த குரலில். “கழுத்துல வெச்சா பேசலாமாம். உள்ள சின்ன வால்வு வெக்கிறதும் இருக்காம். பழகிட்டா மத்தவங்களுக்கு நல்லா புரியுமாம்.”

“நானும் கேட்டுப் பாத்தேன். ரைஸ் குக்கர் பேசற மாதிரி இருக்கு.”

“ரைஸ் குக்கர் பேசினா என்ன? அதுகூடதான் தினமும் குடும்பம் நடத்துறேன். உங்களவிட சொன்ன பேச்சு கேக்குது.”

அவர் சிரிக்கப் போனார். அது இருமலாக மாறி, நெடுநேரம் அவரை மேசையைப் பிடித்துக்கொள்ள வைத்தது. சாந்தமேரி எழுந்து முதுகைத் தடவவில்லை. தடவினால் அவருக்குப் பிடிக்காது. வெந்நீரை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

அப்போதுதான் ஹலீமாவின் போன் வந்தது. நாடகத்தில் இரண்டே குரல்கள். கேப்டன் பாகம் கிரிகரிக்கு, இன்னொன்று ஹலீமாவுக்கு. வானொலிக் காலத்திலிருந்தே அவருடன் நடித்தவள். இப்போது கிள்ளான் பக்கத்தில், மேருவில் மகள் வீட்டில் இருக்கிறாள்.

“அக்கா, பாத்ரூம்ல வழுக்கிட்டேன். கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. ஒலிப்பதிவு மாடிக்குப் படி ஏற முடியாது.”

“ஐயோ, எலும்பு ஒண்ணும் ஆகலயே?”

“எலும்பு இருக்கு. அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அவருக்கு இன்னிக்கு விட்டா… இல்லக்கா, நீங்களே வாசிங்க. தவக்காலத்துல உங்க சமையல்கட்டுல நீங்க பிலாத்து வாசிச்சு நான் கேட்டிருக்கேன். நெஜ பிலாத்தே பயந்து போயிருப்பான்.”

அது உண்மைதான். ஒவ்வொரு தவக்காலமும், பெரிய வெள்ளிக்கு முன்னால், கிரிகரி வீட்டில் அந்த வாசிப்புக்குப் பயிற்சி எடுப்பார். உரையாளர் பாகம் அவருக்கு. மற்ற எல்லாப் பாகங்களும், ஆண்டவர், பிலாத்து, பேதுரு, வேலைக்காரப் பெண், கூச்சல் போடும் கூட்டம், எல்லாம் சாந்தமேரிக்கு. கறி தாளித்துக்கொண்டே வாசிப்பாள். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படி.

போனை வைத்துவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“நீ வா,” என்றார். “எழுதினத மட்டும் வாசி. உன் சொந்தச் சரக்கைச் சேக்காத.”

*

கேஎல் சென்ட்ரலில் கம்யூட்டர் ரயில் ஏறினார்கள். குரலைச் சேமிக்க வேண்டும் என்று கிரிகரி வாயை மூடிக்கொண்டார். சாந்தமேரி மடியில் தாள்களை விரித்தாள்.

சில வருடங்களுக்கு முன்னால், நம்முடைய பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளையின் படம் முதன்முதலாகப் பேப்பரில் வந்தது. சுற்றி ஆரஞ்சு நிற வளையம், நடுவே இருட்டு. “உளுந்து வடை,” என்றாள் சாந்தமேரி. “நாப்பது லட்சம் சூரியனோட எடை இருக்கு அந்த வடைக்குள்ள,” என்றார் கிரிகரி. வெட்டி ஃபிரிஜ் கதவில் ஒட்டினார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஓரமெல்லாம் மஞ்சளடித்து. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த நாடகம் எழுதினார்.

கதை பெரிய கதையில்லை. ஒரு கப்பல் அந்த நடுவை நோக்கிப் போகிறது. ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் போவதால் கப்பலில் சில வருடங்கள் கழிவதற்குள் பூமியில் பல ஆயிரம் வருடங்கள் கழிந்துவிடுகின்றன. போய்ச் சேரும்போது கப்பலில் மிஞ்சியிருப்பது ஒரு கேப்டனும் ஓர் அதிகாரியம்மாவும். அவள் தூரத்தில் தாய்க்கப்பலில் நிற்கிறாள். அவர் ஒரு சின்ன ஓடத்தில், குரலை அனுப்பும் ஏரியலோடு, கருந்துளையின் விளிம்பைப் பார்க்க இறங்குகிறார். அவள் அடிக்கடி கூப்பிடுவாள்: ஓடம், இது தாய்க்கப்பல், கேக்குதா? அவர் சொல்வார்: கேக்குது, தாய்க்கப்பல். இறங்க இறங்க அவர் பக்கம் நேரம் மெதுவாகும். அவர் குரல் நீண்டு, கனத்து, தாழ்ந்து வந்து சேரும்.

“எனக்கு ஒண்ணு சொல்லுங்க,” என்றாள் சாந்தமேரி. “அங்க போயி என்ன பாக்கப் போறாரு?”

“யாரும் பாக்காதத.” முணுமுணுப்பாகத்தான் வந்தது.

“பாத்து?”

“சொல்லணும்.”

“யாருக்கு? பூமியில இவங்கள தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட உயிரோட இல்லன்னு ரெண்டாம் பக்கத்துலயே எழுதிட்டீங்க.”

“கப்பல்ல ஒருத்தி இருக்காள்ல.”

எதிர் இருக்கையில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவன் தூங்கிக்கொண்டு வந்தான். ரயில் ஷா ஆலாமில் நின்று கிளம்பியது.

“அவளுக்கு அந்த வளையமும் வேணாம், ஒண்ணும் வேணாம்னா?”

கிரிகரி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“சரி, அதை விடுங்க. அவரு உள்ள விழுந்துட்டாருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.” இதைச் சொல்ல அவருக்குப் பிடித்திருந்தது; குரலைச் சேமிப்பதை மறந்தார். “அதுதான் அதிசயம். வெளியிலேருந்து பாக்கிறவங்களுக்கு அவன் விழறதே தெரியாது. விளிம்புல அப்படியே நின்ன மாதிரி இருக்கும். மெல்ல செவந்து, மங்கி, மங்கி… அவ்வளவுதான். உள்ள போற அந்த நிமிஷத்த யாராலயும் பாக்கவே முடியாது.”

“அப்ப அவ எப்ப அழறது?”

கிரிகரி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“நெஜமாத்தான் கேக்கறேன். விழுந்தாருன்னு தெரிஞ்சாத்தானே அழ முடியும்? அவரு பாட்டுக்கு செவப்பா அங்கயே நின்னுக்கிட்டிருந்தா, இவ எப்ப கருப்பு சேலை கட்டுறது? எப்ப பூசை வெக்கிறது? எப்ப அந்த ஆளோட செருப்ப எடுத்து வெளிய போடுறது?”

“கதையில செருப்பு இல்ல, மேரி.”

“அதான் உங்க கதை.”

ரயில் பாடாங் ஜாவாவைத் தாண்டியது. அவர் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்தார். கடைசி வசனத்தைத்தான் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் நீளும் வசனம். இரண்டு வாரமாகக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். ‘தாய்க்கப்பல், எனக்குப் பின்னால இருக்கிற நட்சத்திரமெல்லாம் வளைஞ்சு முன்னால வந்து நிக்குது. ஒரு நட்சத்திரத்த ரெண்டு எடத்துல பாக்கறேன். இருட்டுக்கும் ஒரு கரை இருக்கு, அந்தக் கரையில நிக்கறேன்.’ தண்ணீர் சத்தத்துக்கு நடுவிலும் அது அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் அவளுக்குப் பயம்.

*

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் பிரவினின் ஒலிப்பதிவு அறை இருந்தது. பிரவினுக்கு வயது நாற்பதை நெருங்கியிருக்கும். தீபாவளி விற்பனை விளம்பரங்களும் கோயில் பாட்டுகளும்தான் அவன் பிழைப்பு. ஆசைக்கு ஓர் இணைய வானொலி நடத்துகிறான். அதில்தான் நாடகம் வரப்போகிறது.

“வாங்க அங்கிள், வாங்க ஆன்டி. கீழ கடைக்காரர்கிட்ட பாட்டைக் கொறைக்கச் சொல்லிட்டேன். ஒரு மணி நேரம் போலே, முடியும்னாரு. ஹலீமா ஆன்டி எனக்கும் போன் பண்ணிட்டாங்க.”

“நான் நடிக்கல தம்பி,” என்றாள் சாந்தமேரி. “சும்மா வாசிக்கத்தான் வந்தேன்.”

“அது போதும் லா. அங்கிளுக்கு எதிர்ல ஒரு குரல் வேணும், அவ்வளவுதான். ஹலீமா ஆன்டிக்கு கால் சரியானதும் அவங்க குரலை உங்க குரலுக்கு மேல வெச்சுருவேன். உங்களுது காணாமப் போயிரும்.”

“நல்லது. யாராவது ஒருத்தர் குரல் காணாமப் போகட்டும்.”

கிரிகரி அவளை முறைத்தார். பிரவின் எதுவும் கேட்காதவன் போல வெந்நீர் ஊற்றப் போனான்.

கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை. சுவரெங்கும் பஞ்சு. தரையில் தடித்த கம்பளம். எதிரெதிரே இரண்டு மைக்குகள். கிரிகரி தன் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையில் அடுக்கிக்கொண்டார்.

“இங்க தாளைப் பொரட்டக் கூடாது,” என்று அவளுக்குச் சொன்னார். “சரசரன்னு மைக்குல கேக்கும். வாசிச்சு முடிச்ச தாளை இப்படிக் கையைக் கீழ எறக்கி, கம்பளத்துல நழுவ விடணும். சத்தமே வரக் கூடாது.”

“அப்புறம் யாரு பொறுக்குறது?”

“நீதான்.”

சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஓடம், இது தாய்க்கப்பல். கேக்குதா?” என்று வாசித்தாள் சாந்தமேரி.

“கேக்குது, தாய்க்கப்பல்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமிய மனிதர் அங்கே இல்லை. முதுகு நிமிர்ந்து, ஒரு கை காதோரம் ஹெட்ஃபோனைப் பிடித்திருக்க, யாரோ ஒரு கேப்டன் நின்றுகொண்டிருந்தார். குரல் கரகரத்தது, ஓரங்களில் கிழிந்தது. ஆனால் எங்கேயோ வெகு தூரத்திலிருந்து, இரைச்சலைக் கடந்து வருவது போலவே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பிரவின் கட்டைவிரலை உயர்த்தினான்.

முதல் தாள் நழுவி விழுந்தது. இரண்டாவது விழுந்தது. அவள் கூப்பிட்டாள், அவர் பதில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே போனது. ‘கேக்குது’ என்ற சொல்லே மெல்ல நீண்டது, பாரம் ஏற்றிய லோரி மேட்டில் ஏறுவது போல. நடுவில் பிரவின் நிறுத்தி, தண்ணீர் குடிக்க விட்டான்.

“சூப்பர் அங்கிள். அந்தக் கரகரப்ப எந்த எஃபெக்ட்டாலயும் கொண்டு வர முடியாது,” என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்து பொத்தான்களைத் தேடினான்.

மூன்றாவது தாள்.

“கேப்டன், எஞ்சின் சக்தி பத்தல,” என்று வாசித்தாள். “ஏரியலையும் அதோட பேட்டரியையும் வெட்டி விட்டா எடை கொறையும். அப்ப மேல வந்துரலாம்.”

“ஏரியல் போனா குரல் போயிரும், தாய்க்கப்பல்.”

அடுத்த வரி அவளுடையது. ‘உங்க விருப்பம், கேப்டன்.’ அதற்குப் பிறகு அவர் கடைசி வசனத்தைப் பேசுவார், பேச்சு நீண்டு நீண்டு தேய்ந்து முடியும். சாந்தமேரி அந்த வரியைப் பார்த்தாள்.

“வெட்டுங்க,” என்றாள்.

“நிறுத்து பிரவின்.” கிரிகரி ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினார். “என்ன எழுதியிருக்கு?”

“உங்க விருப்பம்னு எழுதியிருக்கு.”

“அத வாசி.”

மறுபடி விளக்கு எரிந்தது. எஞ்சின் சக்தி பத்தல. எடை கொறையும். ஏரியல் போனா குரல் போயிரும், தாய்க்கப்பல்.

“வெட்டுங்க.”

“மேரி.”

“வாய் வர மாட்டேங்குது. நான் என்ன செய்ய? நாடு விட்டு, ஊரு விட்டு, பூமிய விட்டு அந்த ஆளுகூட அம்புட்டு தூரம் வந்தவ. ‘உங்க விருப்பம்’னு சொல்லுவாளா? அவ என்ன, கடையில துணி எடுத்துக் காட்டுறாளா?”

“வெட்டிட்டா அவன் வரானா இல்லையான்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? சத்தம் நின்னு போச்சுன்னா வானொலியில அது ஓட்டை. அதுக்குப் பேரு டெட் ஏர். கேளு அவன்கிட்ட.”

பிரவின் தயங்கித் தயங்கி மைக்கில் சொன்னான். “அங்கிள் சொல்றது சரிதான் ஆன்டி. நம்ம ரேடியோவுல கொஞ்ச நேரம் சத்தம் இல்லன்னா, ஏதோ கோளாறுன்னு நெனச்சு சிஸ்டம் தானாவே பாட்டு போட்டுரும்.”

“அதை அணைச்சு வெக்க முடியாதா?”

“முடியும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“நான் கேக்கறேன்.”

“அவன்கிட்ட ஏன் சண்டை பிடிக்கிற?” கிரிகரியின் குரல் கேப்டனுடையதாக இல்லை, காற்றுதான் அதிகம் வந்தது. “என்கிட்ட பேசு. என்ன வேணும் உனக்கு?”

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும். நீயும் தெரிஞ்சுக்க. பஸ்ஸுல, பாசார்ல, யாரும் என்னைத் திரும்பிப் பாக்க மாட்டாங்க. வாயைத் தொறந்தா பாப்பாங்க. ‘நீங்க கிரிகரிதானே’ம்பாங்க. அது போயிட்டா நான் யாரு? கழுத்துல ஓட்டையோட கோயிலுக்கு வந்து, கடைசி பெஞ்சுல உக்காந்து, எனக்குப் பதிலா வந்த லியோனல் என் பாகத்த வாசிக்கிறத கேக்கணும். அப்படித்தானே?”

அந்த அறையில் சத்தம் எதுவும் திரும்பி வராது. சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றது.

“லியோனல் பேச்ச எடுத்தீங்கல்ல,” என்றாள் சாந்தமேரி. “இந்தப் பெரிய வெள்ளிக்கு நீங்க மருந்து மயக்கத்துல வீட்டுல படுத்திருந்தீங்க. நான் மட்டும் போனேன். உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. நல்லா வாசிச்சாரு. குரலும் கணீர்னு இருந்தது. ஆண்டவர் உயிர் விட்ட எடம் வந்தது, எல்லாரும் மண்டி போட்டோம். என் மூட்டு தரையில படல, அதுக்குள்ள அடுத்த வரிய ஆரம்பிச்சிட்டாரு. எல்லாரும் தடதடன்னு எழுந்திரிச்சோம்.”

கிரிகரி ஹெட்ஃபோனைக் கழற்றினார், மூன்றாவது தாள் கையிலிருந்து நழுவியது.

“நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க. அந்த எடத்துல நிறுத்துவீங்க. அடுத்த வரி போகவே மாட்டீங்களோன்னு இருக்கும். ஒரு புள்ள அழாது. ஃபேன் சுத்துறது கேக்கும். வெளிய ரோட்டுல எவனோ ஹாரன் அடிக்கிறது கேக்கும். இந்த வருஷம் செத்தவங்க எல்லாரும் எனக்கு அந்த எடத்துலதான் ஞாபகம் வருவாங்க. நம்ம புள்ள, பொறந்து பேரு வெக்கிறதுக்கு முன்ன போச்சே, அது வரும். வருஷத்துல அந்த ஒரு தடவைதான் அதுக்காக அழுவேன். நீங்க நிறுத்துற வரைக்கும்தான் எனக்கு நேரம்.” அவள் மூச்சு வாங்கினாள். “கல்யாணம் ஆனதுலேருந்து நான் அதுக்குத்தான் கோயிலுக்கு வரேன். உங்க குரலுக்கு இல்ல. அது டெட் ஏரா? சொல்லுங்க.”

கண்ணாடிக்கு அப்பால் பிரவின் நாற்காலியிலிருந்து எழுந்து, போனை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வெளியே போய்விட்டான். கீழே கடையில் பாட்டு மாறியது. தாளம் மட்டும் தரை வழியாக மெலிதாக ஏறி வந்தது.

“நீ அதைச் சொன்னதே இல்ல,” என்றார் கிரிகரி.

“நீங்க கேட்டதே இல்ல.”

அவர் குனிந்து, விழுந்த தாள்களைப் பொறுக்கப் போனார். அவள் அவரைத் தடுத்துத் தானே பொறுக்கினாள். மூன்றாவது தாளை அவர் கையில் திரும்பக் கொடுத்தாள். அதன் பின்னால் நான்காவதாக, கடைசி வசனம் எழுதிய தாள் அவர் கையிலேயே இருந்தது. எழுத்துகள் கனமாக, சில சொற்களுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, மூச்சு எடுக்கும் இடங்களில் சின்னச் சிலுவைக் குறி போட்டு. பாடுகளின் வாசிப்புக்கும் அவர் அப்படித்தான் குறி போடுவார்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா எழுதியிருக்கேன்ல?” என்றார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க.”

“அந்த நட்சத்திரம் ரெண்டா தெரியறது நெஜம். கற்பனை இல்ல. கணக்குப் போட்டு வெச்சிருக்காங்க.”

“தெரியும். குளிக்கும்போதெல்லாம் கேட்டேனே.”

பிரவின் திரும்பி வந்து கதவைச் சாத்தினான். “அங்கிள், இன்னிக்கு முடியலன்னா பரவாயில்ல. வேற நாள்—”

“வேற நாள் இல்ல. ஏரியல் வர்ற எடத்துலேருந்து போவோம்.”

“ஓகே. அப்புறம் அப்படியே கடைசி வசனத்துக்குப் போயிரலாமா? அங்க வரும்போது கொஞ்சம் மைக்கை விட்டுத் தள்ளி நில்லுங்க, நான் எக்கோ—”

கிரிகரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். பிரவின் அவருக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு விளக்கைப் போட்டான்.

“கேப்டன், எஞ்சின் சக்தி பத்தல. ஏரியலையும் அதோட பேட்டரியையும் வெட்டி விட்டா எடை கொறையும். அப்ப மேல வந்துரலாம்.”

“ஏரியல் போனா…” அவர் இந்தத் தடவை அதைக் கேப்டன் போலச் சொல்லவில்லை. வீட்டில் சொல்வது போலச் சொன்னார். “…குரல் போயிரும், தாய்க்கப்பல்.”

சாந்தமேரியின் கையில் தாள் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“போகட்டும்,” என்றாள். “வெட்டிட்டு வாங்க. நீங்க பேசலன்னாலும் நான் இங்கயேதான் நிப்பேன்.”

மூன்றாவது தாள் அவர் கையிலிருந்து இறங்கி, கம்பளத்தில் படிந்தது. கடைசித் தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார். உதடுகள் பிரிந்தன. ஒரு சிலுவைக் குறியின் அளவுக்கு மூச்சு எடுத்தார். பிறகு, கை மெல்லத் தாழ்ந்தது. வாசிக்காத அந்தத் தாள், மற்ற தாள்களைப் போலவே, சத்தமே இல்லாமல் நழுவி அவர் காலடியில் விழுந்தது.

பிரவின் நிறுத்தச் சொல்வதற்காகக் கையைத் தூக்கினான். தூக்கிய கையை அப்படியே மேசைமேல் இறக்கி வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கிரிகரி மைக்கை விட்டு நகரவில்லை. அவளைப் பார்த்தபடி நின்றார். கோயிலில் எல்லாரும் மண்டியிட்ட பிறகு நிற்பாரே, அப்படி.

சாந்தமேரி ஹெட்ஃபோனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். தன் மூச்சு கேட்டது. அவருடைய மூச்சு கேட்டது. காத்திருந்தாள். பிறகு, அவசரப்படாமல், மைக்கின் பக்கம் குனிந்தாள்.

“ஓடம், இது தாய்க்கப்பல். கேக்குதா?”